வாயால் சொன்னால்தான் கரண்ட்

போன மாதம் ஒரு கையெழுத்துக்காக நான் வேலை பார்த்த செக்‌ஷன் ஆபீசுக்குப் போயிருந்தேன். ஓய்வு பெற்ற பிறகும் அங்கே போனால் எனக்கு நாற்காலி போடுவார்கள், டீ வரும். போடாவிட்டால் நானே இழுத்துப் போட்டுக்கொள்வேன். அன்றைக்கு லைன்மேன் பையன்கள் சிலர் ஒரு போனைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். வாலாஜாபாத் ரோட்டில் எங்கேயோ லைனில் வேலை. வேலையை முடித்துக் கம்பத்திலிருந்து இறங்கினவர்கள் ஒவ்வொருவராகப் போனில் கட்டைவிரல் படம் அனுப்புகிறார்கள். எல்லாக் கட்டைவிரலும் வந்து சேர்ந்ததும் கரண்ட் கொடுக்கலாமாம்.

"உங்க காலத்துல எப்படி சார்?" என்று ஒருவன் கேட்டான்.

"பேர் சொல்லிக் கூப்பிடுவோம்பா."

"அவ்ளோதானா?"

அவன் கிண்டலாகக் கேட்கவில்லை. ஆனாலும் அந்த வார்த்தை பஸ்ஸில் என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு வீடு வரை வந்தது. சாயங்காலம் மழை பிடித்தது. மழை பிடித்தால் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிடும். உடம்பு வீட்டில் இருக்கும், கால் மட்டும் எங்கேயோ தண்ணீரில் நடந்துகொண்டிருக்கும். அந்த நடையில்தான் எங்கள் சங்கத்து மலருக்காக இதை எழுத உட்கார்ந்தேன்.

என்னைத் தெரியாதவர்கள் இந்த ஊரில் குறைவு. இருந்தாலும் சொல்கிறேன். நான் மாகறல் ஏகாம்பரம். படிப்பு ஐந்தாம் வகுப்பு, அதிலும் கடைசிப் பாதி ஆடு மேய்த்தேன். மின்கம்பம் நடக் குழி வெட்டும் கூலியாகக் காஞ்சிபுரத்துக்குள் வந்தவன், லைன் இன்ஸ்பெக்டராக மாலை போட்டுக்கொண்டு வெளியே போனேன். அப்படிப் போன இன்னொருவனை எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் ஒப்புக்கொள்ள மாட்டேன். மாடி வீடு கட்டினேன். கம்பத்தின் அடியில் காதை வைத்து, மேலே எந்த இணைப்பு தளர்ந்து பொரிகிறது என்று சொல்வேன். எப்படி என்று கேட்டால் எனக்கே தெரியாது, ஆனால் சரியாக இருக்கும்.

குழி வெட்டினது, கம்பி இழுத்தது, ஹெல்பர் ஆனது, கம்பம் ஏறக் கற்றது எல்லாவற்றையும் சொன்னால் இந்த மலர் போதாது. உள்ளங்கைத் தோல் இரண்டு முறை உரிந்து புதிதாக வந்தது. அது போதும். நான் சொல்ல வேண்டியது எங்கள் போர்மேன் காதர் பாய் பற்றி.

பாய் எப்போதும் வெள்ளைச் சட்டை, முழுக்கை, இஸ்திரி மடிப்பு கத்தி மாதிரி நிற்கும். கம்பத்தடியில் எல்லோரும் எண்ணெயும் மண்ணுமாக நிற்கும்போது அவர் மட்டும் நிக்காவுக்கு வந்த மாப்பிள்ளை வீட்டுக்காரர் போல் நிற்பார். வேலை தொடங்கும் முன் தெருக்குழாயில் கை கழுவுவார். ஏன் என்று கேட்டதற்கு, "தெரியாத வீட்டுக்குள்ள போறோம்ல," என்றார். கரண்ட் அவருக்கு அடுத்த வீட்டுக்காரர் மாதிரி. மரியாதை கொடுப்பார், நம்ப மாட்டார். அதட்டி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் சீப்பை எடுத்து மெதுவாகத் தலை வாருவார். அவர் தலை வார ஆரம்பித்தால் நாங்கள் பேச்சை நிறுத்திவிடுவோம்.

அவருடைய முறை இது. முதலில் டிரான்ஸ்பார்மரில் சுவிட்சை இறக்கிப் பூட்டுப் போடுவார். சாவி அவர் இடுப்பில். பிறகு கம்பியில் உயிர் இருக்கிறதா என்று பார்ப்பார். பார்த்ததையே மறுபடியும் பார்ப்பார். பிறகு எர்த் கம்பி: முதலில் மண்ணில் ஊன்றி, அப்புறம்தான் லைனில் மாட்ட வேண்டும். கழற்றும்போது லைனிலிருந்து முதலில், மண்ணிலிருந்து கடைசியில். மாற்றிச் செய்தவனை அன்று முழுக்கக் கம்பம் ஏற விடமாட்டார், கயிறு சுற்ற வைத்துவிடுவார். வேலை முடிந்ததும் எல்லோரும் இறங்கிவிடுவோம். அப்போதுதான் அந்தக் குரல் வரும். பேச்சில் இல்லாத குரல். தெருவின் இந்தக் கோடியில் கூப்பிட்டால் அந்தக் கோடியில் மாடு திரும்பிப் பார்க்கும்.

"முனுசாமீ."

"எறங்கிட்டேன் பாய்."

"ஏகாம்பரம்."

"எறங்கிட்டேன் பாய்."

இப்படி ஒவ்வொரு பெயரும். அவரவர் வாயால் சொல்ல வேண்டும். ஒருவனுக்காக இன்னொருவன் சொல்லக் கூடாது.

நான் புதிதாக ஏற ஆரம்பித்த நாட்களில் ஒரு முறை வேலை முடித்து இறங்கி, பாய்க்கு எதிரில் இருந்த கடையிலேயே டீ குடித்துக்கொண்டிருந்தேன். என் பெயர் வந்தது. வாயில் பன். முனுசாமி எனக்குப் பதிலாக, "ஏகா எறங்கிட்டான் பாய், தோ உங்க எதிரிலதான் துன்னுக்கினு கீறான்," என்றான். பாய் என்னைப் பார்த்தார். சுவிட்சைத் தொடவில்லை. சீப்பை எடுத்தார். தெரு முழுக்க வெயிலில் விசிறி இல்லாமல் வாசலில் நின்று எங்களைத் திட்டிக்கொண்டிருந்தது. பன்னை விழுங்கி, ஓடிப்போய் அவர் முன்னால் நின்று, "எறங்கிட்டேன் பாய்," என்றேன். அதன் பிறகுதான் கரண்ட்.

நான் ரோஷக்காரன். என்னைக் கண்ணால் பார்த்துக்கொண்டே அவமானப்படுத்திவிட்டார் என்று சாப்பாட்டு நேரத்தில் கேட்டே விட்டேன்.

"பாத்தேன்பா," என்றார். "கண்ணு நம்ம ஆசப்படறதயெல்லாம் காட்டும். அவன் எறங்கிட்டா நல்லாருக்குமேன்னு நெனச்சா எறங்கின மாதிரியே தெரியும். உன் உசிரு உன்னுது. அது இருக்குதுன்னு நீதான் சொல்லணும்."

கருட சேவை நாளிலும் இதேதான். பெருமாளின் குடை எங்கள் கம்பிகளைவிட உயரம். ஊர்வலம் வரும் தெருவில் கரண்டை நிறுத்தி, கம்பியைத் தளர்த்தி, குடை போன பின் மறுபடி ஏற்றிக் கட்டுவோம். சின்ன காஞ்சிபுரத்தில் கோயில் ஐயங்கார் ஒருவர், வெற்றிலை போட்ட வாயோடு வந்து, "ஓய் பாய், நீர் பேர் கூப்பிட்டு முடிச்சாத்தான் எங்காத்துல விளக்கு எரியறது. பெருமாள் பேரையும் ஒரு தடவை கூப்பிட்டுடுமேன், தாண்டிட்டேன்னு அவரே சொல்லிடுவார்," என்றார். பாய் சிரிக்காமல், "அவரு கம்பம் ஏறலியே சாமி," என்றார். ஐயங்கார் தெருவே சிரித்தது. எங்கள் பெயர்கள் மட்டும் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

பாய் ஓய்வு பெற்றபோது அந்த இடுப்புச் சாவி சுற்றிச் சுற்றி என்னிடம் வந்தது. முறையும் என்னிடம் வந்தது. அதில் நான் ஒன்று சேர்த்தேன். அது என்னுடைய கண்டுபிடிப்பு, யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

எங்கள் ஊர்த் தறி வீடுகளில் தறி குழியில் இருக்கிறது. நெசவு செய்கிறவர் தரையில் உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் விட்டு மிதிக்கட்டைகளை மிதிக்க வேண்டும். உட்கார்ந்தவர் எழுந்திருந்தால் வேலை கெடும். அதனால் அந்த வீடுகளில் சுவிட்சை ஆள் நிற்கும் உயரத்தில் வைக்க மாட்டார்கள். உட்கார்ந்த இடத்திலிருந்து கை நீட்டினால் எட்டுகிற மாதிரி, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வைப்பார்கள். பல்பும் நூலுக்குப் பக்கத்திலேயே தொங்கும். மற்ற ஊர்களில் தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றாலும் வீட்டுக்குள் சுவிட்ச் தப்பித்துக்கொள்ளும். எங்கள் ஊரில் கணுக்கால் தண்ணீர் போதும். குழி நிரம்பி, சுவிட்சும் நனைந்து, அந்தக் குழிக்குள் ஒருவர் நின்றிருந்தால் அவரை அப்புறம் தூக்கத்தான் முடியும். ஆகவே வெள்ளக் காலத்தில் தறித் தெருவுக்குக் கரண்ட் கொடுக்கும் முன், என் ஆட்கள் பெயரை மட்டுமல்ல, தெருக்காரர் பெயரையும் கூப்பிடுவது என்று நான் வைத்தேன். ஒவ்வொரு தறிக்காரரும் குழியை விட்டு ஏறிவிட்டேன் என்று தன் வாயால் சொல்ல வேண்டும். முதலில் சிரித்தார்கள். பிறகு பழகிவிட்டார்கள்.

அந்தப் புயல் கார்த்திகையில் வந்தது.

காற்று அடங்கின பிறகு ஊர் இருந்த விதத்தை எப்படிச் சொல்வது? எல்லா நாளும் இந்த ஊருக்கு அடியில் ஒரு சத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். தறி, விசிறி, மோட்டார், கோயில் மைக் என்று எல்லாம் கலந்த ஒரு சத்தம். பிறந்ததிலிருந்து கேட்பதால் யாருக்கும் அது கேட்பதில்லை. அன்றைக்கு அது நின்றுபோயிருந்தது. மேற்கே தாமல் ஏரி நிரம்பி வழிகிறது என்றார்கள். வேகவதி தன் பழைய பாதையைத் தேடி வீடுகளுக்கு நடுவே வந்துவிட்டது. மத்தியானம்தான், ஆனால் வெளிச்சம் பச்சையாக, குளத்துக்கு அடியிலிருந்து மேலே பார்ப்பது போல இருந்தது. தெருவில் தண்ணீர் நின்றது. அதில் ஒரு கோலப்பொடி டப்பா, ஒற்றைச் செருப்பு, ஒரு செம்பருத்திக் கிளை எல்லாம் அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தன. ஏதோ ஒரு சாயப்பட்டறைக்குள் தண்ணீர் புகுந்திருக்க வேண்டும். பிள்ளையார்பாளையத்துக்குப் பின்னால் அந்தத் தெருவில் நான் இறங்கியபோது என் முழங்காலைச் சுற்றி மாம்பழ மஞ்சள் ஒரு பக்கமும் அரக்கு ஒரு பக்கமும் பிரிந்து போயின. நான் நடந்தேனா மிதந்தேனா என்று இன்றைக்கும் நிச்சயமாகச் சொல்ல மாட்டேன்.

தெருவின் இந்தக் கோடியில் டிரான்ஸ்பார்மர். அந்தக் கோடியைத் தாண்டி ஒரு பிரசவ ஆஸ்பத்திரி. நடுவில் தறி வீடுகள். ஆஸ்பத்திரிக்குப் போகிற லைன் இந்தத் தெரு வழியாகத்தான் போகிறது. கீழே வைத்திருந்த ஜெனரேட்டரில் தண்ணீர் புகுந்து அவர்கள் இருட்டில் இருந்தார்கள். உள்ளே ஒரு பெண்ணுக்கு வலி எடுத்து, குழந்தை திரும்பிக் கிடக்கிறது, அறுத்துத்தான் எடுக்க வேண்டும், வெளிச்சம் வேண்டும் என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார். வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ரோடு இல்லை. போன் டவர்கள் எல்லாம் படுத்துவிட்டன. கம்பங்கள் சில சாய்ந்து நின்றதால் ஏறி வீட்டுக் கம்பிகளைத் துண்டிக்கவும் முடியாது. ஆகவே ஒரே வழி: வீடு வீடாகப் போய், வாசலில் இருக்கும் பீஸ் கட்டையைப் பிடுங்கிவிட்டு, தறிக்காரர் வாயால் சொல்லக் கேட்டுவிட்டு, லைனை ஏற்றுவது.

சாவியைக் கொடுத்து முனுசாமியை டிரான்ஸ்பார்மரில் நிறுத்தினேன். அப்போது அவனுக்கும் தலை நரைத்துவிட்டது. நான் கழியை ஊன்றிக்கொண்டு வீடு வீடாகப் போனேன். பீஸ் கட்டைகளைப் பிடுங்கிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டேன். ஒவ்வொரு வாசலிலும் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். மாடியிலிருந்தும், பரண் மேலிருந்தும், ஒரு வீட்டில் அரிசி மூட்டை மேலிருந்தும் பதில் வந்தது. "ஏறிட்டேன்பா." "ஏறிட்டேன் சார்." "எப்பவோ ஏறிட்டேன், டீ குடிக்கிறியா?" இப்படித் தெரு முழுக்க முடிந்துவிட்டது, ஒரு வீடு தவிர.

அது நரசிம்மலு வீடு. தெலுங்கு பேசுகிறவர், ஒல்லியான ஆள், கல்யாணப் புடவை நெய்வதில் கெட்டிக்காரர். அதிகம் பேச மாட்டார். வாசலில் பூட்டுத் தொங்கியது. பீஸ் கட்டையும் உள்ளே.

எதிர்வீட்டுக் கன்னியப்பன் மாடியிலிருந்து சொன்னார்: "பூட்டிக்கினு போய்ட்டாங்கப்பா. பொண்டாட்டி, புள்ளைங்க, அவரு, எல்லாம் ஸ்கூலுக்குப் போய்ட்டாங்க. என் கண்ணால பாத்தேன்."

ஸ்கூலில்தான் வெள்ளத்துக்கு ஒதுங்க இடம் கொடுத்திருந்தார்கள். ஒரு ஆளை அங்கே அனுப்பினேன். திரும்பி வந்து சொன்னான்: நரசிம்மலு பெண்டாட்டி லட்சுமம்மா இருக்கிறாள், பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர் கஞ்சி வாங்க வரிசையில் நிற்கிறார் என்று அவள் சொல்கிறாள், வரிசையில் அவரைக் காணோம்.

நான் பூட்டின கதவுக்கு வெளியே நின்று கூப்பிட்டேன். "நரசிம்மலூ." தண்ணீர் மட்டும் படியில் தட்டியது. மறுபடி கூப்பிட்டேன். உள்ளே ஏதோ அசைந்த மாதிரி இருந்தது. மிதக்கிற பானை கூட அப்படித்தான் அசையும்.

மாடிகளில் நின்றவர்கள் பேச ஆரம்பித்தார்கள். அங்கே ஒரு பொண்ணு துடிக்கிறா, இவரு பூட்டின வீட்டோட பேசிக்கினு இருக்காரு என்றார் ஒருவர். கன்னியப்பனுக்குக் கோபம். "நான் பாத்தேன்னு சொல்றேன், நம்ப மாட்டியா? நான் இன்னா குருடனா?" என்றார். பூட்டை உடைக்கலாமா என்று கேட்டேன். அதற்கும் விடவில்லை. உள்ளே இருப்பது முதலாளி கொடுத்த பட்டு, ஜரிகை. நெசவுக்காரர் இல்லாத நேரத்தில் தறி வீட்டுப் பூட்டில் கை வைப்பது இந்தத் தெருவில் யாரும் செய்யாத காரியம். நாளைக்கு ஒரு நூல் குறைந்தால் தெருவே பதில் சொல்ல வேண்டும்.

அப்போது தெருக்கோடியில், அந்தப் பச்சை வெளிச்சத்தில், ஒரு வெள்ளைச் சட்டை மெதுவாக வந்தது.

இது நான் கனவில் பார்த்தது இல்லை, ஆனால் பிறகு கனவில் பல முறை பார்த்துவிட்டேன். முழங்காலுக்கு மேலேதான் ஆள் தெரிந்தார். முழுக்கை. நனைந்தாலும் மடிப்பு இருந்தது. காதர் பாய். ஓய்வு பெற்று வெகுநாள் ஆகி, தாடி பஞ்சாகிவிட்ட காதர் பாய்.

"ஏகா," என்றார். "ஆஸ்பத்திரில இருக்கறது நம்ம ஜரீனா."

ஜரீனா அவருடைய கடைசிப் பெண். வெகுகாலம் கழித்துப் பிறந்தவள். என் தோளில் உட்கார்ந்து தேர் பார்த்தவள்.

முனுசாமிக்குச் சைகை காட்ட என் கை உயர்ந்துவிட்டது. கன்னியப்பன் பார்த்திருக்கிறார், வீடு பூட்டியிருக்கிறது, பெண்டாட்டி சொல்லியிருக்கிறாள். இதற்கு மேல் என்ன? "இதோ பாய், குடுத்துடறேன்," என்றேன்.

பாய் தெருவை ஒரு முறை பார்த்தார். வாசல்களைப் பார்த்தார். பூட்டைப் பார்த்தார்.

"எல்லாரும் சொல்லிட்டாங்களா?"

"ஒரு வீடு மட்டும் பாய். ஆள் இல்ல. எதிர்வீட்டுக்காரர் பாத்திருக்காரு."

"அவரு வாயால சொன்னாரா?"

பாய் சட்டைப்பையில் கை விட்டார். சீப்பு இல்லை, அவசரத்தில் விட்டுவிட்டு வந்திருக்கிறார். வெறும் விரல்களால் ஈரத் தலையை மெதுவாக வாரினார்.

"அப்போ குடுக்காதே," என்றார்.

கூட்டத்தைப் பார்த்துப் பாய் சொன்னார்: "பூட்ட ஒடைக்கச் சொல்றது நான். நூல் கொறஞ்சா என்கிட்ட வாங்க. என் வீடு ஒலிமுகமது பேட்டையில இருக்குது, யாரைக் கேட்டாலும் சொல்வாங்க."

கடப்பாறையை வாங்கி ஒரே போடு போட்டேன். அந்த வயதில் ஒரே போடு. கதவு தண்ணீரைத் தள்ளிக்கொண்டு திறந்தது.

உள்ளே இருட்டு. ஓட்டுக்கு நடுவில் ஒரு கண்ணாடி, அதிலிருந்து கொஞ்சம் வெளிச்சம் தண்ணீரில் விழுந்து, சுவரெல்லாம் அசைந்துகொண்டிருந்தது. வீடே மூச்சு விடுகிற மாதிரி இருந்தது. கணுக்காலுக்கு மேல் தண்ணீர். சுவரில் அந்தத் தாழ்ந்த சுவிட்ச், தண்ணீர் அதன் அடியைத் தொட்டுத் தொட்டு விட்டுக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் தறி. தறியில் பாதி நெய்த புடவை, மயில் கழுத்து நிறம், ஜரிகை மட்டும் தனக்கென்று ஒரு வெளிச்சம் வைத்திருந்தது. தறியில் இழுத்துக் கட்டிய அந்தப் பாவு நூலுக்குக் கீழே, குழிக்குள், வயிறு வரை தண்ணீரில் ஒரு ஆள் குனிந்து நின்றுகொண்டிருந்தார். கண் இரண்டும் என்னைப் பார்த்தன. வாயில் கற்றையாகக் கயிறு.

நரசிம்மலுதான்.

விஷயம் இதுதான். மேலே பட்டு நூலைத் தூக்கி இறக்குகிற விழுதுகளையும் கீழே மிதிக்கட்டைகளையும் கயிறுகள் இணைக்கின்றன. அந்தக் கயிறு நனைந்தால் சேற்றுத் தண்ணீரை மேலே உறிஞ்சிப் பட்டில் ஏற்றும். சாயம் கலங்கினால் புடவை போச்சு. குழிக்குள் இறங்கி ஒவ்வொரு கயிறாக அவிழ்க்க வேண்டும், வரிசை மாறாமல் பிடித்து மேலே கட்ட வேண்டும். வரிசை மாறினால் பூ மாறிவிடும், யானை இருக்க வேண்டிய இடத்தில் என்ன வரும் என்று சொல்ல முடியாது. ஸ்கூலுக்குப் போனவருக்கு இது நினைவு வந்து, பெண்டாட்டியிடம் கஞ்சி என்று சொல்லிவிட்டு, பின்பக்கச் சந்து வழியாகச் சுவர் ஏறி வந்திருக்கிறார். இரண்டு கையும் தண்ணீருக்குள் வேலை செய்ய வேண்டும். ஆகவே அவிழ்த்த கயிறுகளை நெசவுக்காரர்கள் எப்போதும் நூலைக் கடித்துப் பிடிப்பது போல வரிசையாகப் பல்லில் பிடித்துக்கொண்டிருந்தார். நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டது முழுக்க அவர் காதில் விழுந்திருக்கிறது. வாயைத் திறந்தால் எல்லாம் போய்விடும். கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள் என்று நின்றிருக்கிறார்.

நான் முதலில் பீஸ் கட்டையைப் பிடுங்கினேன். அப்புறம் அவரை ஏறச் சொன்னேன். தலையை ஆட்டினார், மாட்டேன் என்று. கெட்ட வார்த்தையில் சொன்னேன். அதற்கும் மாட்டேன். தோளைப் பிடித்துத் தூக்கிவிட எனக்கு எவ்வளவு நேரம்? ஆனால் அந்தக் கண் இருந்த விதத்தில் என் கை போகவில்லை. பிள்ளையைக் கையில் வைத்திருக்கிறவளைத் தள்ள முடியாத மாதிரி இருந்தது.

குனிந்து என் வாயைக் காட்டினேன். அவருக்குப் புரிந்தது. ஒவ்வொரு கயிறாகத் தன் பல்லிலிருந்து எடுத்து என் பல்லில் வைத்தார். வரிசை மாறாமல். கஞ்சியும் சேறும் பழைய பருத்தியும் கலந்த ருசி. என் எத்தனையோ வருஷ வேலையில் நூறு வகைக் கம்பியைப் பிடித்திருக்கிறேன், இப்படி ஒன்றைப் பிடித்ததில்லை. கடைசிக் கயிறும் வந்ததும் அவர் இரண்டு கையையும் ஊன்றிக் குழியிலிருந்து ஏறினார். கதவுக்குப் போய், தெருவைப் பார்த்து, அதுவரை அந்தத் தெரு கேட்டிராத குரலில் சொன்னார்: "நரசிம்மலு. ஏறிட்டேன்."

பாய் தெரு நடுவில் நின்றிருந்தார். மழைச் சத்தத்தில் இங்கிருந்து டிரான்ஸ்பார்மருக்குக் குரல் போகாது. அவர்தான் இரண்டுக்கும் நடுவில். அந்தப் பழைய குரலில் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். தெருக்காரர் எல்லோரும் மறுபடி ஒரு முறை சொன்னார்கள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. முனுசாமி சொன்னான். பிறகு வந்தது.

"ஏகாம்பரம்."

என் வாயில் கயிறு.

நான் உள்ளே குழி ஓரத்தில், திறந்த வாசலுக்கு எதிரே, அவர் கண்ணுக்கு நேராகத்தான் இருந்தேன். கையை ஆட்டினேன். கன்னியப்பன் மாடியிலிருந்து, "தோ இருக்காருங்க, குழிக்கு வெளியதான் இருக்காரு," என்றார். இன்னும் சிலரும் சொன்னார்கள். நரசிம்மலுவே சொன்னார். பாய் யாரையும் பார்க்கவில்லை. என்னையே பார்த்தார்.

"அவன் சொல்லட்டும்."

தெருவுக்கு அந்தப் பக்கம், இருட்டில், அவருடைய மகள் படுத்திருந்தாள். அவர் முதுகு அந்தப் பக்கம். முகம் என் பக்கம். மழை தாடியில் இறங்கிக்கொண்டிருந்தது. மஞ்சளும் அரக்கும் அவர் முழங்காலைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தன. அவர் எதற்காகவும் அவசரப்படாத மாதிரி நின்றார். அவர் நெஞ்சு மட்டும் ஏறி இறங்கியது, எனக்கு இங்கிருந்தே தெரிந்தது.

நரசிம்மலு ஓடிவந்து என் வாயிலிருந்து கயிறுகளை வாங்கி உத்தரத்தில் கட்ட ஆரம்பித்தார். அவரும் அவசரப்படவில்லை. அவசரப்பட்டால் வரிசை மாறும். கடைசிக் கயிறு பல்லை விட்டுப் போனதும் நான் கத்தினேன்.

"ஏறிட்டேன் பாய்!"

பாய் திரும்பி முனுசாமியைப் பார்த்துக் கையைத் தூக்கினார்.

கரண்ட் வந்ததைக் காதால்தான் தெரிந்துகொண்டோம். தறித் தெரு முழுக்க இருட்டாகவே இருந்தது, கட்டைகள் எல்லாம் என் சட்டைக்குள். டிரான்ஸ்பார்மர் முனக ஆரம்பித்தது. ஊருக்கு அடியில் ஓடும் அந்தச் சத்தத்தில் ஒரு இழை திரும்பி வந்தது. பிறகு அந்தக் கோடியில், மழைக்குள், ஆஸ்பத்திரி ஜன்னல் ஒன்று மஞ்சளாகத் தெரிந்தது. அதன் வெளிச்சம் தண்ணீரில் தெரு நீளத்துக்கு நீண்டு வந்து பாயின் முழங்காலைத் தொட்டது. அவர் அதற்குள் நடந்து போனார்.

பையன். பாய் வீட்டில் அவனுக்கு நல்ல பெயர் வைத்தார்கள். நான் மட்டும் அவனைப் பார்க்கும்போதெல்லாம் "ஏறிட்டியாப்பா?" என்று கேட்பேன். "ஏறிட்டேன் மாமா," என்பான், எதற்கென்று தெரியாமல். நரசிம்மலுவின் புடவைக்கு ஒன்றும் ஆகவில்லை, பூட்டு மட்டும்தான் நஷ்டம். அதையும் அவர் எனக்கு வெகுநாள் சொல்லிக் காட்டினார். "அரைவாசி வேலைல வந்து பேர் சொல்லிக் கூப்புடுவாங்களா? கொஞ்சம் பொறுத்துக் கூப்பிட்டிருந்தா பூட்டு மிஞ்சியிருக்கும்," என்பார்.

பாய் போன வருஷம் போய்ச் சேர்ந்தார். தூக்கத்தில்.

கட்டைவிரல் படத்தை நான் குறை சொல்லவில்லை, தம்பிகளா. அந்தப் போன் வேண்டும், அது பல உயிரைக் காப்பாற்றும். கட்டைவிரல் வராவிட்டால் என்ன செய்வீர்கள் என்பதை மட்டும் இப்போதே முடிவு பண்ணி வைத்துக்கொள்ளுங்கள். ஆள் எதிரில் நின்றால் என்ன செய்வீர்கள், எல்லோரும் பார்த்தேன் என்றால் என்ன செய்வீர்கள், உங்கள் வீட்டுப் பெண் அந்தக் கோடியில் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று.

என் வீட்டில் இப்போதும் மழையில் கரண்ட் போனால் நான் பெயர் கூப்பிடுகிறேன். என் வீட்டுக்காரி சமையலறையிலிருந்து, "இருக்கேன், எங்க போயிடுவேன்," என்பாள். மாடியிலிருந்து மகன், மருமகள். பிறகு முனுசாமி என்று கூப்பிடுவேன். அவன் இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கிறான், காது மந்தமானாலும் இதற்கு மட்டும், "எறங்கிட்டேன்" என்று கத்துவான். கடைசியாக, குரலைக் கொஞ்சம் தழைத்து, "பாய்," என்பேன்.

மழை பெய்துகொண்டிருக்கும். கால் தண்ணீரில் இருக்கும். ஒவ்வொரு முறையும் வீட்டில் யாராவது, "அவருதான் இல்லையே," என்று சொல்ல வாயெடுப்பார்கள். நான் கையைத் தூக்கி நிறுத்திவிடுவேன்.

அவருக்காக யாரும் சொல்லக் கூடாது.